அப்பா அம்மாவோட இன்லேண்ட் சீ: குலுக்கல் இல்லாம அரை நாள்ல போய்ட்டு வர முடியுமா?

கேள்வி: தோஹால வேலை பாக்குறேன். டிசம்பர் கடைசில அப்பா அம்மா ஊர்லேந்து வர்றாங்க. அப்பாக்கு 69 வயசு, சுகர், பிபி ரெண்டும் உண்டு. அம்மாக்கு கழுத்து எலும்பு தேய்மானம், வளைவு ரோடுன்னாலே வாந்தி. கூட 5 வயசு பொண்ணு, நான், மனைவி. பாலைவனமும் கடலும் ஒண்ணா சேர்ற அந்த இன்லேண்ட் சீயைக் காட்டணும்னு ஆசை, ஆனா வீடியோல வர்ற மாதிரி வண்டிய மணல் மேட்டுல தூக்கி அடிக்கிறதெல்லாம் வேணாம். அரை நாள்ல நிம்மதியா போய்ட்டு வரலாமா? என்கிட்ட கரோலா தான் இருக்கு, அதுல எவ்ளோ தூரம் போகலாம்?

பதில்: போய்ட்டு வரலாம் தம்பி, ஆனா முக்கால்வாசி வேலைய புக்கிங் அன்னிக்கே முடிச்சுடணும், அங்க போய் வண்டில ஏறி உக்காந்தப்புறம் டிரைவர்கிட்ட "மெதுவா போங்க பாய்"னு கெஞ்சுறதுல பெருசா பலன் இருக்காது, ஏன்னா நிறைய பேர் அந்த குலுக்கலுக்குத் தான் காசு குடுக்குறாங்க, அவரும் உங்கள சந்தோஷப்படுத்துறதா நெனச்சுட்டு தான் அடிப்பாரு.

முதல்ல கரோலா விஷயம். தோஹாலேந்து அல் வக்ரா, மெசயீத் தாண்டி சீலைன் பீச் வரைக்கும் நல்ல தார் ரோடு, ட்ராஃபிக் இல்லன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள போய்டலாம். அதோட ரோடு முடிஞ்சுது. அங்கேந்து கோர் அல் உதெய்த், அதாவது நாம இன்லேண்ட் சீன்னு சொல்றது, மொத்தமும் மணல், ஃபோர் வீல் டிரைவ் இல்லாம ஒரு அடி கூட யோசிக்காதீங்க. ஃப்ரெண்டோட ப்ராடோவ வாங்கிட்டுப் போலாமேன்னு தோணும், வேணாம், ஒத்த வண்டியா உள்ள போறது அனுபவம் உள்ளவங்களே பண்ண மாட்டாங்க. ரெண்ட்டுக்கு எடுத்த வண்டின்னா தார் ரோட்ட விட்டு இறங்கினா பெரும்பாலும் இன்சூரன்ஸ் கை விரிச்சுடும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

மணல் கூட பரவாயில்ல, சிக்கினா தோண்டி எடுத்துடலாம். ஆபத்து என்னன்னா சப்கா. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவுல வெள்ளையா, தட்டையா, பாத்தா ஷார்ஜா ஸ்டேடியம் அவுட்ஃபீல்டு மாதிரி இருக்கும், உப்பு காஞ்சு மேல ஓடு கட்டியிருக்கும், நாலு விரக்கடை கீழ ஈரக் களி. டயர் போன தடம் இருக்குற இடத்துல தாங்கும், ரெண்டு மீட்டர் தள்ளிப் போனா அச்சு வரைக்கும் இறங்கிடும். மழை பேஞ்ச வாரம்னா இன்னும் மோசம், அங்க மழையே குளிர்காலத்துல தான் பெய்யும். எந்தத் தடம் இன்னிக்குத் தாங்கும்னு தெனம் போற டிரைவருக்குத் தான் தெரியும், அந்த அனுபவத்துக்குத் தான் நீங்க காசு குடுக்குறீங்க.

இப்போ புக்கிங். விலை ரெண்டு விதமா சொல்வாங்க, ஆளுக்கு இவ்ளோ, இல்ல வண்டிக்கு இவ்ளோ. ஆளுக்குன்னா ஷேரிங், முன்ன பின்ன தெரியாத நாலு பசங்க கூட உக்காந்திருப்பாங்க, அவங்களுக்கு குலுக்கல் வேணும், உங்களுக்கு வேணாம், கடைசில ஜெயிக்கிறது அவங்க தான். உங்க குடும்பத்துக்கு முழு வண்டி தான் சரி, இதுல மட்டும் கஞ்சத்தனம் பாக்காதீங்க. நீங்க 5 பேர், லேண்ட் க்ரூஸர் ஒண்ணு போதும், ஆனா மூணாவது வரிசைல பெரியவங்களையோ குழந்தையையோ உக்கார வைக்காதீங்க, அது பின் அச்சுக்கு மேல இருக்குற சீட்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதல்ல தூக்குறது அங்க தான். முன் சீட் அம்மாவுக்கு, அப்பா நடு வரிசைல ஜன்னலோரம், அதே வரிசைல குழந்தை, மனைவி, மூணாவது வரிசைல நீங்க. குழந்தைக்கு பூஸ்டர் சீட் அவங்க தருவாங்களான்னு முன்னாடியே கேளுங்க, இல்லன்னா உங்க கார்ல இருக்குறத கழட்டி எடுத்துட்டுப் போங்க. மடில வெச்சுக்குறேன்னு மட்டும் சொல்லாதீங்க, மணல்ல இறங்குறப்போ பெரியவங்க கைல பிடிச்சிருக்குற குழந்தை நிக்காது.

ஃபோன்ல பேசுனதோட விடாம வாட்ஸ்அப்ல எழுதி, அவங்க ஓகேன்னு பதில் போடுற வரைக்கும் அட்வான்ஸ் அனுப்பாதீங்க. என்ன எழுதணும்னா, வண்டி எங்களுக்கு மட்டும், கூட பெரியவங்க, கழுத்து பிரச்சனை இருக்கு, டூன் பேஷிங் (மணல் மேட்டுல வண்டிய தூக்கி அடிக்கிறது) சுத்தமா வேணாம், எவ்ளோ முடியுமோ அவ்ளோ தட்டையான தடத்துல போகணும், நடுவுல நிறுத்தச் சொன்னா நிறுத்தணும், டிரைவர் பேசுற பாஷை இது. கடைசி விஷயம் சின்னதா தெரியும், ஆனா அம்மா "நிறுத்துங்க"ன்னு சொல்றது அவருக்குப் புரியணும்ல. தோஹால தமிழோ மலையாளமோ ஹிந்தியோ பேசுற டிரைவர் கேட்டா கெடைப்பாங்க.

தட்டையான தடம்னு சொன்னேனே, முழுக்க தட்டையா போக முடியுமான்னா முடியாது, சில ஏத்த இறக்கம் வரத் தான் செய்யும். அது ஏன்னு தெரிஞ்சா பயம் கொறையும். அங்க வருஷத்துல பாதி நாள் அடிக்கிறது வடமேற்குக் காத்து, ஷமால்னு சொல்வாங்க. அதனால ஒவ்வொரு மணல் மேடும் காத்து வர்ற பக்கம் சாய்வா, எதிர்ப்பக்கம் செங்குத்தா இருக்கும். நீங்க போறது தெற்கு நோக்கி, அதாவது சாய்வுல ஏறி செங்குத்துல இறங்கணும், வண்டி வழுக்கிட்டே இறங்குற அந்த சீன் இப்படித் தான் வருது. திரும்பி வர்றப்போ அந்த செங்குத்துப் பக்கம் ஏற முடியாதுன்றதால பெரும்பாலும் மேட்டச் சுத்தி தான் வருவாங்க. ஸோ முதல் பாதி கஷ்டம், வர்றப்போ லேசு, அம்மாகிட்ட இத முன்னாடியே சொல்லி வைங்க. சாஃப்ட் டிரைவ் கேட்டீங்கன்னா போறப்பவும் பெரிய மேட்ட ஓரமா சுத்திக் கூட்டிட்டுப் போவாங்க, ஒண்ணு ரெண்டு சின்ன இறக்கம் மட்டும் நேரா, மெதுவா. குறுக்குல சாஞ்சு ஓட்டுறது தான் வயித்தப் பெரட்டும், அது வேணாம்னு தனியா சொல்லுங்க.

இதே காத்து தான் அந்த எடத்தையே உண்டாக்குச்சு. மணல் மேடுங்க கொஞ்சம் கொஞ்சமா தென்கிழக்கா நகந்து வந்து கடைசில இந்தத் தண்ணில போய் விழுது, அதனால தான் உச்சிலேந்து ஒரே சரிவா மணல் இறங்கி கடலுக்குள்ள முடியுது, நடுவுல பீச்னு ஒண்ணே இல்லாத எடங்கள் இருக்கு. வெளிக்கடல் ஒரு குறுகலான வாய்க்கால் வழியா உள்ள வந்து பெரிய ஏரி மாதிரி விரியுது, எதிர்க்கரைல தெரியுறது சவுதி. யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல 2008லேந்து இருக்கு, பாதுகாக்கப்பட்ட ரிசர்வ் வேற. அப்பா மாதிரி ஆளுங்களுக்கு இந்த விஷயமெல்லாம் சொல்லிட்டே போனா ரெண்டு மடங்கு ரசிப்பாங்க, வெறும் மணலப் பாக்கவாடா இவ்ளோ தூரம்னு கேக்க மாட்டாங்க.

நேரம் எதுன்னா, எல்லாரும் மத்தியானம் கிளம்பி சன்செட் பாத்துட்டு வர்றதத் தான் கேப்பாங்க. போட்டோ அழகா வரும், மறுக்கல. ஆனா டிசம்பர்ல சூரியன் 5 மணிக்கு முன்னாடியே இறங்கிடும், அப்புறம் கடல் காத்து சில்லுன்னு அடிக்கும், இருட்டுல மணல்ல திரும்பணும், கூட்டமும் அப்போ தான் ஜாஸ்தி. உங்க வீட்டு ஆளுங்கள வெச்சுப் பாத்தா நான் காலைல தான் போகச் சொல்வேன், 8 மணிக்குக் கிளம்பினா மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். ஒண்ணே ஒண்ணு, குளிர்காலத்துல சில காலைல பனிமூட்டம் கண்ண மறைக்கும், அப்படி இருந்தா 9, 9.30 ஆக்கிக்கலாமான்னு மொதல்லயே பேசி வைங்க. வெள்ளி, சனி வேணவே வேணாம், சீலைன் பூரா குவாட் பைக்கும் லோக்கல் பசங்க வண்டியும் தலைக்கு மேல பறக்கும். ஞாயிறுலேந்து புதன் வரைக்கும் ஒரு நாள் லீவு போடுங்க.

சீலைன் வந்ததும் டிரைவர் இறங்கி டயர்ல காத்த எறக்குவாரு. பஞ்சர்னு பொண்ணு பயப்படப் போகுது, சொல்லி வைங்க. வால்வுல சின்ன ஊசிய அழுத்தி உஸ்ஸுன்னு விடுவாரு, அப்பப்போ கேஜ் வெச்சுப் பாத்து 15லேந்து 18 பிஎஸ்ஐ வந்ததும் நிறுத்துவாரு, டயர் கீழ்ப்பக்கம் பிதுங்கி அகலமா மணல்ல படியும், அப்போ தான் வண்டி புதையாம மேலயே போகும். இந்த கேப்ல தான் ஒட்டகம் வந்து நிக்கும். பொண்ணு கேட்டா ஏத்தி விடுங்க, கூட நீங்க உக்காருங்க. ஒட்டகம் எழுந்திருக்கிறப்போ பின்னங்கால தான் மொதல்ல தூக்கும், நாம அப்படியே முன்னாடி சாய்வோம், அதனால ஏறினவுடனே பின்னாடி சாஞ்சு கெட்டியா பிடிச்சுக்கணும், அது உக்கார்றப்பவும் அதே. அம்மா கழுத்துக்கு அந்த ஆட்டம் ஆகாது, கீழ நின்னு போட்டோ எடுக்கட்டும். கழுகு மாதிரி ஒரு ஃபால்கனைக் கைல வெச்சுட்டு வருவாங்க, கைல வாங்குறதுக்கு முன்னாடியே ரேட் கேட்டுடுங்க.

பாத்ரூம் விஷயத்த யாரும் சொல்ல மாட்டாங்க, சுகர் இருக்குறவங்களுக்கு இது தான் மெயின். மெசயீத் பக்கம் பெட்ரோல் பங்க்ல ஒரு தடவ போய்டணும், உள்ள போனா பொதுக் கழிப்பறைன்னு எதையும் நம்ப முடியாது. சில கம்பெனிக்கு தண்ணியோரம் சொந்தமா டென்ட் கேம்ப் இருக்கும், டாய்லெட்டும் நிழலும் உக்கார நாற்காலியும் கெடைக்கும், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அப்படிப்பட்ட கம்பெனிய எடுங்க. அப்பாவோட பிபி மாத்திரை தண்ணி பிரிக்கிற வகையா இருந்தா அன்னிக்கு எத்தன மணிக்கு போடலாம்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. பிஸ்கட், பேரீச்சம்பழம், தண்ணி கைல இருக்கட்டும், சாப்பாடு நேரம் தள்ளிப்போற மாதிரி மட்டும் விடக் கூடாது.

அம்மாவுக்கு காலைல ரெண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேணாம். வாந்தி மாத்திரைய மணல்ல இறங்கினப்புறம் போட்டா பிரயோஜனம் இல்ல, அரை மணியோ ஒரு மணியோ முன்னாடி போடணும், அதாவது வீட்டுலேந்து கிளம்புறப்போவே. தோஹா ஃபார்மசில டைமென்ஹைட்ரினேட் கேளுங்க, தூக்கம் வரும், பரவாயில்ல. கண் அழுத்தம், ப்ராஸ்டேட் தொந்தரவு இருக்கவங்க மட்டும் டாக்டர கேக்காம தொடக் கூடாது. ஊர்லேந்து கொண்டு வர்ற மாத்திரை எல்லாத்துக்கும் டாக்டர் சீட்டு கூடவே வரணும், கத்தார்ல அதுல கண்டிப்பு ஜாஸ்தி. வண்டில ஃபோனப் பாக்காம தூரத்துல மணலும் வானமும் சேர்ற கோட்டப் பாத்துட்டு வரச் சொல்லுங்க.

கழுத்து தேய்மானத்துல கை மரத்துப் போறது, தலை சுத்தல், இல்ல ஆபரேஷன் ஆன கழுத்துன்னா நான் சொன்ன சாஃப்ட் டிரைவும் வேணாம். அப்போ ப்ளானையே மாத்துங்க. சீலைன்லயே மணல் மேடு கடல் வரைக்கும் வந்து நிக்குது, உங்க கரோலாலயே போய் நாற்காலி போட்டு உக்காந்து பாக்கலாம், வர்ற வழில வக்ரா சூக்ல டீ குடிச்சுட்டு வரலாம். இன்லேண்ட் சீ அளவுக்கு அமைதியா இருக்காதுன்றது உண்மை, ஆனா வந்த விருந்தாளிய ரெண்டு நாள் படுக்கப் போட்டு பாக்குறதுக்கு இது எவ்வளவோ மேல்.

தண்ணிகிட்ட போனா ஒரு மணி நேரம் கேளுங்க, சில டிரைவர் இருபது நிமிஷத்துல போட்டோ முடிஞ்சுதான்னு கெளப்பிடுவாங்க. முட்டி அளவு தண்ணிக்கு மேல பொண்ண விடாதீங்க, ஏரி மாதிரி அசையாம தெரியும், ஆனா அது கடல், வாய்க்கால் பக்கம் இழுப்பு உண்டு, சில எடத்துல மணல் சரிவு தண்ணிக்குள்ளயும் அப்படியே கீழ போகும். உப்பும் வெளிக்கடல விட ஜாஸ்தி, கண்ல பட்டா எரியும், கழுவ ஒரு பாட்டில் நல்ல தண்ணி வெச்சுக்கோங்க. அதிர்ஷ்டம் இருந்தா ஃப்ளமிங்கோ கூட்டம் நிக்கும், குளிர்காலத்துல தான் வரும், கிட்டப் போகாம பைனாகுலர்ல பாருங்க. ட்ரோன் அனுமதி இல்லாம பறக்க விடக் கூடாது. அப்புறம் உங்க ஃபோன் அங்க சவுதி டவர புடிச்சுட்டு வரவேற்பு மெசேஜ் அனுப்பும், டேட்டா ரோமிங்க ஆஃப் பண்ணிட்டுப் போங்க, இல்லன்னா அப்பா பேரனுக்கு வீடியோ கால் போட்ட பில் உங்களுக்கு வரும். கத்தார் ஐடி, அவங்க பாஸ்போர்ட் காப்பி கைல இருக்கட்டும், பார்டர் பக்கம் இல்லையா.

திரும்பி தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி டயர்ல காத்து அடிச்சாரான்னு கண்ணால பாருங்க. பசி, அவசரம்னு அப்படியே 100ல வெரட்டினா காத்து கம்மியா இருக்குற டயர் சூடாகி வெடிக்கும். 30க்கு மேல ஏத்தினப்புறம் கிளம்பச் சொல்லுங்க, பத்து நிமிஷம் தான் ஆகும். டிப்ஸ் கட்டாயம் இல்ல, ஆனா சொன்ன மாதிரி மெதுவா ஓட்டி அம்மாவ வாந்தி எடுக்காம கூட்டிட்டு வந்தாருன்னா தாராளமா குடுங்க, நம்பரையும் வாங்கி வைங்க, அடுத்து மாமனார் மாமியார் வருவாங்க.