கூடிப் பழகும் ஆசை எங்கே போனது? ஆரம்பநிலை சைக்கோசிஸ் கேள்வி-பதில்

கேள்வி: மகனுக்குக் காதில் குரல் கேட்பது நின்று ஆறு மாதம் ஆகிறது. ஆனாலும் நண்பர்கள் வந்தால் அறையை விட்டு வெளியே வருவதில்லை. மாத்திரையைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். சைக்கோசிஸ் என்பது இல்லாத குரல் கேட்பதும் ஆதாரமில்லாத சந்தேகம் எழுவதுமான மனநிலை. அந்தக் குரலையும் சந்தேகத்தையும் மாத்திரை அடக்கும். பழகும் ஆசையை அவ்வளவாக மீட்டுத் தராது. அந்த மாத்திரை டோபமின் என்ற மூளை வேதிப்பொருளை அளவுக்கு மீறித் தடுத்தால் முகமும் மனமும் இன்னும் மரத்துப்போகும். இப்போதைய அளவே அதிகமோ என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அப்புறம், நண்பர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறதா என்று பதமாக விசாரியுங்கள். பயந்து ஒதுங்குவது வேறு, ஆசையே எழாமல் ஒதுங்குவது வேறு.

கேள்வி: தம்பி யாரிடமும் பேசுவதில்லை. நல்ல மருந்து சொல்லவும்.

பதில்: வயது இல்லை, எப்போது தொடங்கியது என்று இல்லை, இப்போது என்ன சாப்பிடுகிறார் என்றும் இல்லை. இந்த இரண்டு வரியைப் பார்த்து மருந்து சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு தம்பியை நேரில் அழைத்துப் போங்கள்.

கேள்வி: இப்படி ஒதுங்கியிருப்பது மனச்சோர்வுதானே?

பதில்: இருக்கலாம். முதல் சைக்கோசிஸுக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சகஜம். துக்கமும் குற்ற உணர்வும் அரித்தால் அந்தப் பக்கம் பாருங்கள். துக்கம்கூட இல்லாத வெறுமை என்றால் எதிர்மறை அறிகுறியாக, அதாவது நோயால் ஆசையும் முனைப்பும் குறைந்துபோவதாக, இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரும். "இருந்து என்ன பயன்" என்று பேச்சு வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், தனியாக விடாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு இருபது வயது. மருத்துவமனையிலிருந்து வந்தபின் சோம்பேறியாகிவிட்டாள். திட்டினால்தான் அசைகிறாள். கண்டிப்பு நல்லதுதானே?

பதில்: நல்லதில்லை. "சோம்பேறி" என்ற சொல் இல்லாமல் எனக்குக் கடிதக் கட்டு வந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது. அவள் கத்தியபோது "பாவம், நோய்" என்று பொறுத்துக்கொண்ட அதே வீடு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது மட்டும் "திமிர்" என்கிறது. இரண்டும் ஒரே நோயின் வேலை.

என்னிடம் வந்த ஓர் இளைஞன் நண்பன் வீட்டுக்குக் கிளம்பி, ஒரு காலில் ஷூவை மாட்டியபடி அரை மணி நேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அங்கே சீட்டாடி, வாய்விட்டுச் சிரித்திருக்கிறான். மறுநாள் கேட்டால், "ஒன்றும் பெரிதாக இல்லை" என்றான். அந்தச் சிரிப்பு நடிப்பில்லை. அந்த நேரத்துச் சந்தோஷம் பலருக்கும் ஓரளவு மிஞ்சியிருக்கிறது, "போனால் நன்றாக இருக்கும்" என்ற எதிர்பார்ப்புதான் அறுந்துபோகிறது என்று ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. அந்த எதிர்பார்ப்பைத் திட்டி வரவழைக்க முடியுமா?

லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் 1950களில் தொடங்கிவைத்த ஆய்வு வரிசை வேறு நாடுகளிலும் சரிபார்க்கப்பட்டது. ஓயாமல் குறை சொல்லும் வீட்டில் நோய் திரும்புவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. நோயை நீங்கள் உண்டாக்கவில்லை, அந்தப் பழி உங்களுக்கு வேண்டாம். ஆனால் திட்டை இன்றே நிறுத்துங்கள். "வா, பத்து நிமிடம் நடந்துவிட்டு வரலாம், நானும் வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வர மறுத்தால் விட்டுவிட்டு நாளைக்குக் கேளுங்கள்.

கேள்வி: சிறுவயதிலிருந்தே தனிமைதான் பிடிக்கும். நானும் நோயாளியா?

பதில்: இல்லை. நேற்றுவரை கலகலப்பாக இருந்தவர் மாறிப்போனால்தான் கவலை.

கேள்வி: எனக்குத்தான் சைக்கோசிஸ் வந்தது. தோழி செய்தி அனுப்பினால் பதில் போடக்கூடத் தோன்றுவதில்லை. இப்படியே போய்விடுமா?

பதில்: நீங்களே எழுதிக் கேட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. பலருக்கும் இது மெல்ல இளகுகிறது, நாளாகும். தோன்றும்வரை காத்திருக்காதீர்கள். ஒரே ஒருவர், கால் மணி நேரம், நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்து. போகும் முன் எவ்வளவு பிடிக்கும் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். திரும்பி வந்த அரை மணிக்குள் இன்னொன்று. இரண்டாவது அடிக்கடி கூடுதலாக இருக்கும். அந்தத் தாளை வைத்திருந்து, அடுத்த முறை கிளம்ப மனம் வராதபோது எடுத்துப் பாருங்கள். கஞ்சா பக்கம் போகவே வேண்டாம். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மேலே சொன்னதுதான், உங்களுக்கும் சொல்கிறேன்.