வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது. எனக்கு அதில் உரிமை உண்டா?

கேள்வி: எனக்கு வயது 39. திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருந்தேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் கணவரும் மாமியாரும் கேட்டுக்கொண்டதால் வேலையை விட்டேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் வீடு வாங்கியபோது என் நகைகளை விற்று முன்பணம் கொடுத்தோம். மீதிக்கு வங்கிக் கடன். தவணை கணவரின் சம்பளத்திலிருந்து போகிறது. பத்திரம் அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்பதால் மறுபடியும் வேலைக்குப் போக நினைக்கிறேன். "போவதென்றால் வீட்டை விட்டே போய்விடு. இது என் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. இத்தனை வருஷம் சும்மா இருந்தவளுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்கிறார். அடிப்பதில்லை. ஆனால் நான்கு மாதங்களாக வீட்டுச் செலவுப் பணத்தை எண்ணி எண்ணித்தான் கொடுக்கிறார். மாமியார் மாலையில் தொடர் பார்க்கும்போது, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போகும் கதாநாயகியைக் காட்டி, "இவளும் பெண்தானே" என்பார். விவாகரத்து எனக்கு வேண்டாம். வீட்டில் எனக்கு உரிமை உண்டா? வேலைக்குப் போவதை அவர் தடுக்க முடியுமா? நீதிமன்றத்துக்குப் போனால் என்னைத் தொடரில் வரும் வில்லியைப் போலத்தானே பார்ப்பார்கள்? இப்படிப்பட்ட தொடர்கள்மீது புகார் கொடுக்க முடியுமா?

பதில்: உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குத் தெளிவு கிடைக்காமல் மற்றவற்றுக்கு நான் என்ன பதில் சொன்னாலும் அது காகிதத்தோடு நின்றுவிடும்.

என் அலுவலகத்துக்கு வரும் பெண்களில் பலர் பிரச்சினையைச் சொல்வதற்கு முன்பே, "நான் அப்படிப்பட்ட பெண் இல்லை, மேடம்" என்று தொடங்குகிறார்கள். 'அப்படிப்பட்ட பெண்' யார் என்று நான் கேட்பதில்லை, எங்கள் இருவருக்குமே தெரியும். கண்ணை உருட்டிக்கொண்டு, உரத்த குரலில் பேசிக்கொண்டு, வக்கீல் நோட்டீஸோடு வாசலில் வந்து நிற்பவள். குடும்பத்தைப் பிரிக்கவே புகார் கொடுப்பவள். பல ஆண்டுகளாகத் திரை நமக்குக் காட்டிவரும் சித்திரம் இது. நல்லவள் அழுதுகொண்டே பொறுப்பாள், கெட்டவள் சட்டம் பேசுவாள். இந்தச் சித்திரத்தைப் பார்த்து வளர்ந்த பெண்கள், தங்கள் நகைக்கான ரசீதை என் மேசையில் எடுத்து வைக்கும்போதுகூடத் திருட்டுப் பொருளை வைப்பதுபோல் கை நடுங்க வைக்கிறார்கள். எனக்கு இது ஆறாத வருத்தம்.

நீதிமன்றம் அந்தக் கண்ணோடு உங்களைப் பார்க்கக் கூடாது. இது என் விருப்பம் மட்டுமல்ல. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே 'பெண் என்றால் இப்படித்தான்' என்பது போன்ற, பாலினம் சார்ந்த வார்ப்புக் கருத்துகளைத் தவிர்ப்பதற்கென்று ஒரு கையேட்டை வெளியிட்டது. 'நல்ல மனைவி', 'கீழ்ப்படிதலுள்ள மனைவி' போன்ற சொற்களைத் தீர்ப்பிலும் மனுவிலும் எழுத வேண்டாம், 'மனைவி' என்று மட்டும் எழுதினால் போதும் என்கிறது அது. எல்லா நீதிமன்ற அறைகளிலும் இது நூறு சதவீதம் நடக்கிறது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் 'பொறுமையில்லாத மனைவி' என்று வாதிடத்தான் செய்வார். ஆனால் பொறுமை என்பது வழக்கில் நிரூபிக்க வேண்டிய ஒன்றல்ல. உங்களுக்கு என்ன நடந்தது, அதற்கு என்ன ஆதாரம் என்ற இரண்டும்தான் கேள்வி.

இனி வீடு. இதில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. பலரும் இவற்றைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, குடியிருக்கும் உரிமை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, பிரிவு 17 இதைத் தெளிவாகச் சொல்கிறது. கூட்டாக வாழ்ந்த வீட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அவளை வெளியேற்ற முடியாது. வீடு கணவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மாமனார் அல்லது மாமியார் பெயரில் இருக்கும் வீடும் கூட்டு வாழ்விடமாகலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே "வீட்டை விட்டுப் போ" என்று உங்கள் கணவர் சொல்லலாம், ஆனால் அதை அவராகவே செய்துமுடிக்க முடியாது. அவர் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முயன்றால், பிரிவு 19-இன் கீழ் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்டிடம்) தடை உத்தரவு கேட்கலாம். எந்த மதத்தைச் சேர்ந்த பெண்ணுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். விவாகரத்து கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அதே வீட்டில், அதே திருமணத்துக்குள் இருந்துகொண்டே இந்த நிவாரணங்களைப் பெறலாம். 'கோர்ட்டுக்குப் போனால் குடும்பம் முடிந்தது' என்று கதைகளில் காட்டுகிறார்களே, சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு விதி கிடையாது.

இரண்டாவது, சொத்தில் பங்கு. இங்கே கவனமாகப் பேச வேண்டும். திருமண வாழ்வில் சேர்ந்த சொத்து கணவன், மனைவி இருவருக்கும் பொது என்று சொல்லும் சட்டம் கோவாவில் இருக்கிறது. நாட்டின் மற்ற பெரும்பாலான பகுதிகளில் அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. பத்திரத்தில் பெயர் இல்லாதவர் தன் பங்களிப்பை நிரூபித்தாக வேண்டும். உங்களிடம் இரண்டு வகைப் பங்களிப்பு இருக்கிறது.

நகை விற்ற பணம் நேரடியானது. திருமணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் உங்களுக்குத் தரப்பட்ட நகை உங்கள் சீதனம், அது உங்கள் தனிச் சொத்து. இக்கட்டில் கணவர் அதைப் பயன்படுத்தியிருந்தாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதிசெய்தது. "மனைவி பணத்தில் கணவர் பெயரில் வாங்கினால் பினாமி ஆகிவிடாதா?" என்று எதிர்த்தரப்பு கேட்கக்கூடும். வருமான வழி தெரிந்த பணத்தைக் கொண்டு வாழ்க்கைத்துணை பெயரில் வாங்கும் சொத்துக்குப் பினாமி சட்டமே விலக்கு அளிக்கிறது. ஆகவே அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டுவதுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

அடுத்தது, உங்கள் கணவர் 'சும்மா' என்ற ஒரே சொல்லில் அழித்துவிட்ட பங்களிப்பு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளையும் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டார். சொத்து முழுவதும் தன்னுடையது என்று கணவர் வழக்குப் போட்டார். நிர்வாகி, சமையல்காரர், வீட்டு மருத்துவர், வீட்டுப் பொருளாதார நிபுணர் என்று மனைவி செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிய நீதிபதி, அந்த உழைப்பு இல்லாமல் கணவரால் அந்தப் பணத்தைச் சேர்த்திருக்க முடியாது என்றார். மறைமுகப் பங்களிப்பை அங்கீகரிக்கும் சட்டம் இதுவரை இல்லை, ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்று சொல்லி, மனைவிக்குச் சமபங்கு தந்தார். இது தனி நீதிபதி ஒருவரின் தீர்ப்பு, அந்த வழக்கின் உண்மைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. உங்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் உங்கள் வழக்கில் நகைப் பணமும் சேர்வதால் வலுவான அடித்தளம் இருக்கிறது.

'சும்மா' என்ற சொல்லை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் குடும்ப நல நீதிமன்றத்தில் ஒரு குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் வெகு சாதாரணமாக, "திருமணத்துக்குப் பிறகு நீங்கள் வேலை எதுவும் செய்யவில்லை, வீட்டில் சும்மாதான் இருந்தீர்கள், சரிதானே?" என்று கேட்டார். கூண்டில் நின்ற அந்தப் பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமாம், சும்மாதான் இருந்தேன்" என்றார். படுக்கையில் கிடந்த மாமனாரை ஆறு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் அவர். தட்டச்சர் அதை அப்படியே வாக்குமூலத்தில் ஏற்றினார். அந்த ஒரு வரியின் பாதிப்பைச் சரிசெய்ய நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தன் உழைப்புக்கு வேலை என்று பெயர் இருப்பதாகவே அவருக்கு யாரும் சொன்னதில்லை. விளம்பரத்தில் தாய் சிரித்துக்கொண்டே பரிமாறுவாள், தொடரில் மருமகள் அன்பின் அடையாளமாகத் துணி துவைப்பாள். களைப்பைக் காட்டினால்கூட அது தியாகமாகத்தான் காட்டப்படும். தியாகத்துக்குக் கைதட்டல் உண்டு, கணக்கு கிடையாது.

அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில் கணக்கு இருக்கிறது. வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடங்கள். 2021 ஜனவரியில் விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இந்த எண்களை எடுத்துச் சொல்லி, இல்லத்தரசியின் உழைப்புக்குப் பண மதிப்பு கணக்கிட வேண்டியதன் அவசியத்தை வலியுறுத்தியது. உங்கள் மனுவில் 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று யாரும் எழுத விடாதீர்கள். என்னென்ன செய்தீர்கள் என்பதை ஆண்டுவாரியாக எழுதச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போவதைத் தடுக்க அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. 2005 சட்டம் பொருளாதார வன்முறையையும் குடும்ப வன்முறை என்றே சொல்கிறது. வீட்டுச் செலவுக்குத் தேவையான பணத்தைத் தராமல் இறுக்குவதும் அதில் அடங்கும். அந்தச் சட்டத்தின் கீழ் நிரப்பப்படும் குடும்ப நிகழ்வு அறிக்கைப் படிவத்தில், 'வேலைக்குச் செல்ல அனுமதிக்காதிருத்தல்' தனி வரியாகவே இருக்கிறது. அடி விழவில்லையே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தின் கீழ் பெண்களுக்கு உதவ அரசு நியமித்திருக்கும், மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம், அல்லது நேரே நடுவர் நீதிமன்றத்தில் பிரிவு 12-இன் கீழ் மனு செய்யலாம். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் நடக்க வேண்டும், 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும். அதனால் பிரிவு 23-இன் கீழ் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். நாளை நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகு அவர் அலுவலகத்துக்கு வந்து தொந்தரவு செய்யாமலிருக்கவும் பாதுகாப்பு உத்தரவு பெறலாம். சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டால் ஜீவனாம்சம் கேட்கும் உரிமையே போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது சரியல்ல. குடும்பத்துக்காக மனைவி விட்டுக்கொடுத்த வேலைவாய்ப்புகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்திருக்கிறது.

தொடர்கள் பற்றி. கேபிள் தொலைக்காட்சி விதிகளில் நல்ல வாசகம் ஒன்று இருக்கிறது. பெண்களை அடங்கிப்போகிறவர்களாகக் காட்டியோ, குடும்பத்திலும் சமூகத்திலும் இரண்டாம் இடத்தை ஏற்க ஊக்குவித்தோ விளம்பரம் வரக் கூடாது என்கிறது அது. துரதிருஷ்டவசமாக இவ்வளவு தெளிவான வாசகம் விளம்பரங்களுக்குத்தான். தொடர்களுக்கான நிகழ்ச்சி விதி பெண்களை இழிவுபடுத்தும் சித்திரிப்பைத் தடுக்கிறது. பொறுமையைப் புகழ்வதை அதன்கீழ் கொண்டுவருவது கடினம். ஒரு கதை எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுவதை நானும் விரும்பவில்லை. ஆனால் மனைவியை அறைவதை நியாயம்போல் காட்டும் காட்சியைப் பார்த்தால் தேதி, நேரம் குறித்துக்கொண்டு சேனலுக்கு எழுதுங்கள். 2021 விதித் திருத்தத்தின்படி 15 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் நேரத்தில் முதல் பங்கை இதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

முதல் பங்கு காகிதங்களுக்கு. நகை விற்ற கடையின் ரசீது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், விற்ற பணம் எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் விழுந்தது, முன்பணம் எந்தத் தேதியில் போனது என்று வங்கியில் கணக்கு அறிக்கை கேளுங்கள். இரண்டு தேதிகளும் அருகருகே இருந்தால் அதுவே பாதி சாட்சி. நகை அணிந்த திருமணப் புகைப்படங்கள், கிரயப் பத்திரத்தின் நகல், நீங்கள் கொடுத்த ராஜினாமா கடிதம், 'வீட்டை விட்டுப் போ' என்று அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள், எல்லாவற்றின் நகலையும் வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள். காலக்கெடுவையும் மறக்காதீர்கள். உரிமையை உறுதிசெய்யும் வழக்குக்கு மூன்று ஆண்டு வரம்பு உண்டு. "உனக்கு இதில் பங்கில்லை" என்று அவர் முதன்முதலாகத் தெளிவாக மறுத்த நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆகவே அவர் அப்படிச் சொன்ன நாளை நினைவிலிருந்து குறித்துவைத்து, ஒரு வக்கீலைச் சீக்கிரம் பாருங்கள். கட்டணம் கட்ட வழியில்லை என்றால், வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமலே பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. அவசரத்துக்கு மகளிர் உதவி எண் 181.

வழக்குக்கு முன் ஒருமுறை சமரச மையத்தில் உட்கார்ந்து பேசிப் பார்க்க உங்களுக்கு மனமிருந்தால் அதையும் செய்யலாம். வீட்டின் பத்திரத்தில் உங்கள் பெயரைச் சேர்ப்பது பற்றி அங்கேயே எழுத்துப்பூர்வமாக உடன்படிக்கை செய்துகொள்ள முடியும். பிறகு அதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். வேலைக்கு விண்ணப்பிப்பதை மட்டும் இவை எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். அந்த விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்து ஒன்றுதான் தேவை.