பி.எட்.டில் படிக்கும் கற்றல் கோட்பாடுகள் பிறகு எதற்காவது பயன்படுகின்றனவா?

இதைக் கேட்டவர் அநேகமாக பி.எட். படிப்பவர், அல்லது டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குத் தயாராகிறவர். பாவ்லோவின் நாய், தார்ண்டைக்கின் பூனை, கோஹ்லரின் குரங்கு என்று, கற்றல் எப்படி நடக்கிறது என்று விலங்குகளிடம் செய்த சோதனைகளை உருப்போட்டு அலுத்திருப்பீர்கள். நானும் அப்படி அலுத்தவள்தான்.

2017 டெட்டில் எனக்கு 150-க்கு 76. எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு அப்போது தேர்ச்சி பெற 82 வேண்டும். கல்வி உளவியலுக்கு 30 கேள்விகள், அதில்தான் அதிகம் விட்டிருந்தேன். கைடை நான்கு முறை அடிக்கோடு போட்டுப் படித்தவள் நான். எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் எது இருக்கிறது என்றுகூடத் தெரியும். ஹாலில் உட்கார்ந்தபோது விடை வரவில்லை. வீட்டுக்கு வந்து நிறைய அழுதேன்.

அப்புறம்தான் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளரை ஒழுங்காகப் படித்தேன். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நாளில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து, 1885-இல் நூலாக வெளியிட்டவர். நாள் போகப் போக எவ்வளவு மறக்கிறது என்று காட்டும் மறதி வளைவு யாருடையது என்று கேட்டால் அதுவரையிலும் சரியாகத்தான் சொல்வேன். ஆனால் அவர் கண்டதை என் படிப்பில் ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. 2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையும் அப்போது கண்ணில் பட்டது. ஒரு பத்தியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். பத்தியைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

அன்றிலிருந்து புத்தகத்தை மூடிவிட்டுப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அடுத்த நாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று இடைவெளி விட்டு. 2019-இல் 91. ஒருவருடைய அனுபவம் சான்றாகாது என்று சிலர் சொல்வீர்கள், சரி. ஆனால் எனக்கு நடந்ததைத்தானே நான் சொல்ல முடியும்?

வகுப்பில் நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிது. ஏழாம் வகுப்பு முழுக்கள் பாடம், அதாவது பிளஸ், மைனஸ் எண்கள். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று பிள்ளைகளைக் கூட்டமாகச் சொல்ல வைத்தேன். திரும்பத் திரும்பச் செய்தால் கற்றது உறுதிப்படும் என்ற தார்ண்டைக்கின் பயிற்சி விதி என்றே நினைத்துச் செய்தேன். சிலேட்டில் −3 − 5 = +8 என்று பாதி வகுப்பு எழுதியது. பெருக்கலுக்கான விதியைக் கழித்தலுக்குள் நானேதான் அடித்து இறக்கியிருக்கிறேன்.

மறுநாள் தாயம் ஆடுவதற்குத் தேய்த்த புளியங்கொட்டைகளைக் கொண்டுபோனேன். வெள்ளைப் பக்கம் பிளஸ், கறுப்புப் பக்கம் மைனஸ். ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூச்சியம். மூன்று கறுப்போடு இன்னும் ஐந்து கறுப்பு வைத்தால் எட்டும் கறுப்புதான், அது எல்லோருக்கும் உடனே விளங்கியது. (−3) − (−5) வந்ததும் திணறினார்கள். இருப்பது மூன்று கறுப்பு, எடுக்க வேண்டியது ஐந்து. நான் வாயைத் திறக்கவில்லை. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "ரெண்டு பூச்சியம் உள்ள வெச்சுக்கலாமா மிஸ்?" என்றாள். இரண்டு ஜோடி வைத்தாள், ஐந்து கறுப்பை எடுத்தாள், இரண்டு வெள்ளை நின்றது. பக்கத்தில் இருந்தவனுக்கு அவளே சொல்லிக் கொடுத்தாள். உளவியலாளர் வைகாட்ஸ்கி எழுதியதை, அதாவது தன்னைவிடக் கூடுதலாகத் தெரிந்த ஒருவர் துணையோடு பிள்ளை தன் எல்லையைத் தாண்டுவதை, அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

11 வயதுக்கு மேல் கையில் பொருள் எதுவும் இல்லாமலே யோசிக்கலாம் என்று குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே சொல்லவில்லையா என்பீர்கள். யோசிக்கலாம்தான். ஆனால் தொட்டுப் பார்க்காமல் ஆறாம் வகுப்பைக் கடந்து வந்த பிள்ளைகள் இவர்கள்.

பி.எட்.டில் இதையெல்லாம் யாரும் செய்து காட்டவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம். பார்டர் போட்டு, கலர் பேனாவில் தலைப்பெழுதி ரெக்கார்ட் நோட்டு நிரப்பியே எங்கள் கற்பித்தல் பயிற்சி நாட்கள் போயின. பார்டர் கோணலாக இருக்கிறது என்று ஒரு நோட்டை முழுதாகத் திரும்ப எழுத வைத்தார்கள். என் பாடத்தைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க ஒருவரும் வரவில்லை.

உங்களுக்கு டெட் இருந்தால் இன்றைக்கே கைடை மூடிவிட்டு, ஒரு கோட்பாட்டை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். விட்டுப்போனதை மட்டும் திறந்து படியுங்கள்.