கருவி காட்டும் கலோரி

கேள்வி: எனக்கு வயது 42, உயரம் 158 செ.மீ. கணவருக்கு 45, உயரம் 172 செ.மீ. இருவரும் 70 கிலோ. சாப்பிடுவதும் ஒரே அளவுதான். எனக்கு மட்டும் எடை ஏறுகிறது. எடை பார்க்கும் கருவி, ஓய்வு நிலையில் ஒரு நாளைக்கு எனக்கு 1,317 கலோரியும் அவருக்கு 1,555 கலோரியும் செலவாவதாகக் காட்டுகிறது. தைராய்டு பரிசோதனையில் குறையில்லை. என் உடம்பு மந்தமாகிவிட்டதா?

பதில்: இல்லை. அந்தக் கருவி உங்கள் உடம்பை அளக்கவே இல்லை, கணக்குப் போட்டிருக்கிறது. எடையை 10ஆல் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பிறகு ஆணுக்கு 5 கூட்டுவார்கள், பெண்ணுக்கு 161 கழிப்பார்கள். 1990இல் வந்த மிஃப்லின் சூத்திரம் இது. நானும் போட்டுப் பார்த்தேன். அதே எண்கள்தான் வந்தன. உங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் 166 கலோரி, ஆணா பெண்ணா என்று கேட்கும் பொத்தானை அழுத்தியதால் வந்தது. மிச்சம், உயரமும் வயதும் சேர்ந்து வந்தது. உண்மையில் அளப்பதென்றால் வெறும் வயிற்றில் அசையாமல் படுக்கவைத்து, முகத்துக்கு மேல் மூடியைக் கவிழ்த்து, நீங்கள் எடுக்கும் ஆக்சிஜனையும் விடும் கார்பன் டை ஆக்சைடையும் கணக்கெடுக்க வேண்டும்.

அந்த 166 காரணமில்லாமல் வந்ததல்ல. மூளை ஏறத்தாழ 1.4 கிலோதான், ஓய்வுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. ஈரலும் ஏறக்குறைய அவ்வளவு கேட்கும். இதயமும் சிறுநீரகமும் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 440 கலோரி எரிக்கின்றன. தசை 13, கொழுப்பு நாலரை. ஒரே எடையில் பெண்ணுடம்பில் பொதுவாகக் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. 70 கிலோ என்பது முள் காட்டும் எடை; அதற்குள் என்ன இருக்கிறது என்பதை முள் சொல்லாது.

'தசையை ஏற்றினால் தூங்கும்போதும் கொழுப்பு கரையும்' என்ற விளம்பரத்தை நம்பிவிடாதீர்கள். இரண்டு கிலோ தசை கூடினால் ஓய்வில் எரிவது 26 கலோரி. பளு தூக்குங்கள், எலும்புக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது என்பதற்காக; தூங்கும்போது கொழுப்பு கரையும் என்பதற்காக அல்ல. வயதின் மீதும் பழி போட முடியாது. உடல் அளவுக்கு ஈடு செய்து பார்த்தால், 20 வயது முதல் 60 வரை இந்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை. காய்ச்சல் வந்தால் ஏறும், பட்டினி கிடந்து இளைத்தால் இறங்கும். ஆகவே பட்டினி வேண்டாம்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: 'ஒரே அளவுதான்.' அது அவருடைய அளவு. உங்கள் தட்டில் அவருடையதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். ஸ்டீராய்டோ மனநலத்துக்கான மாத்திரையோ சமீபத்தில் தொடங்கியிருந்தால் அதை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் எடை ஏறுவதைச் சொல்லுங்கள்.