ரெஸ்ற் பாஸ், ஓத்துக்கு மட்டும் அழைப்பில்லை: குடியுரிமைக் கேள்வி பதில்

பதினேழு வருடம் ஸ்காபுரோவில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியின் அலுவலகத்தில் கோப்புப் பார்த்தவள் நான். சட்டத்தரணி இல்லை. கனடாக் குடியுரிமையின் கடைசிப் படியில், குடியுரிமைப் பரீட்சையான ரெஸ்ற் முடிந்து ஓத் என்கிற சத்தியப்பிரமாணத்துக்கு அழைப்பு வராமல் நிற்பவர்களுக்கு மட்டும்தான் இன்றைய பதில்கள். ஸ்பொன்சர், விசிற்றர் விசா, ஸ்ரடி பேர்மிற் பற்றிக் கேட்காதேங்கோ.

மார்க்கம், இரண்டு பிள்ளைகளின் அம்மா: அக்கா, ரெஸ்ற்றில் இருபதுக்குப் பத்தொன்பது. ஏழு மாதமாகிறது. கோப்பின் நிலையை இணையத்தில் காட்டும் ட்ராக்கரில் மற்றதெல்லாம் ‘முடிந்தது’, பின்னணிச் சோதனை மட்டும் ‘நடைபெறுகிறது’. அதே கிழமை ரெஸ்ற் எழுதின தோழி ஓத் எடுத்து, பாஸ்போட்டும் எடுத்துவிட்டா. நான் என்ன பிழை விட்டேன்?

பெரும்பாலும் ஒரு பிழையும் இல்லை. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கோ: உங்கள் கோப்பு வரிசையில் நிற்கிறதா, அல்லது யாரோ பிடித்து வைத்திருக்கிறார்களா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. வரிசை என்றால் காத்திருப்பதுதான் மருந்து. பிடிப்பு என்றால் காத்திருந்து பிரயோசனமில்லை, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ட்ராக்கர் அதைச் சொல்லாது. அதைத் தினமும் ஐந்து தரம் திறந்து பார்ப்பவர்களை எனக்குத் தெரியும். கறிச்சட்டி மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் கறி கெதியாக வேகுமா?

ஐந்து டொலர் கட்டித் தகவல் அறியும் சட்டத்தில் உங்கள் கோப்பின் உள்குறிப்புகளைக் கேளுங்கோ. சட்டப்படி முப்பது நாளில் தர வேண்டும், இழுபடுவதும் உண்டு. குற்றப் பதிவு, பாதுகாப்பு, வதிவு நாட்கள் என ஒவ்வொரு சோதனையும் எந்தத் திகதியில் முடிந்தது, எது திறந்து கிடக்கிறது என்று அதில் பார்க்கலாம். பாதுகாப்புச் சோதனை என்றால் அது வேறு நிறுவனங்களின் கையில். குடிவரவு அதிகாரியே அவர்களின் பதிலுக்குத்தான் காத்திருப்பார்.

எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். ஒரு பத்திரத்தில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, இன்னொன்றில் பின்னுக்கு. பிறப்புச் சான்றிதழில் ‘ழ’வுக்கு ஒரு ஆங்கில எழுத்து, அடையாள அட்டையில் வேறு. ஒரே மனிதருக்கு மூன்று பெயர் இருப்பதாக மெசினுக்குப் படும். விண்ணப்பத்தில் மற்ற எழுத்துக்கூட்டல்களைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால் இப்போதே குடிவரவுத் திணைக்களத்தின் இணையப் படிவத்தில் எழுதிப் போடுங்கோ.

குடும்பமாகச் சேர்த்துப் போட்டீர்களா? அப்படியென்றால் ஒருவருடைய கோப்பு நின்றால் மற்றவர்களுடையதும் நிற்கும். கணவரின் குறிப்புகளையும் எடுங்கோ. அவருடையதுதான் நிற்கிறதென்றால் உங்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும்படி கேட்கலாம். மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கோ. இதை எல்லோருக்கும் சொல்லுவேன், ஒருவரும் பார்ப்பதில்லை.

ஏஜக்ஸ்: அக்கா, நான் 2010இல் அகதியாக வந்து, பிறகு பிஆர் (நிரந்தர வதிவிடம்) எடுத்தவன். ரெஸ்ற் முடிந்து ஆறு மாதம். யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்குச் சுகமில்லை. இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பித்து மூன்று கிழமை போய் வரலாமா? விண்ணப்பம் போட்ட பிறகு பயணம் செய்யலாம் என்று சொல்கிறார்களே.

தம்பி, போகாதேங்கோ. பாஸ்போட்டையும் புதுப்பிக்காதேங்கோ.

‘போட்ட பிறகு போகலாம்’ என்பது மற்றவர்களுக்குச் சரி. ஐந்து வருடத்தில் 1,095 நாள் என்ற கணக்கு கையெழுத்து வைத்த நாளோடு நின்றுவிடுகிறது. பிஆர் நிலை உயிரோடு இருந்தால் போதும். பாதுகாப்புக் கேட்டு வந்தவர்களின் கதை வேறு. 2012 டிசம்பரில் சட்டம் மாறியது. எந்த நாட்டுக்குப் பயந்து வந்தீர்களோ அந்த நாட்டின் பாதுகாப்பை நீங்களாகவே திரும்பப் பெற்றதாகத் தீர்ப்பானால் அகதி நிலை மட்டுமில்லை, நிரந்தர வதிவிடமும் சேர்ந்து போகும். அந்த நாட்டுப் பாஸ்போட்டை எடுப்பதே அதற்கு ஒரு சான்று. அதில் அங்கேயே போய் வந்தால் சொல்லவே வேண்டாம். அந்த வழக்கு முடியும்வரை குடியுரிமைக் கோப்பை நிறுத்தி வைக்கவும் குடியுரிமைச் சட்டத்தில் 13.1 என்றொரு பிரிவு இருக்கிறது. நான் சொன்ன ‘பிடிப்பில்’ ஆகப் பொல்லாதது இதுதான்.

சத்தியப்பிரமாணம் செய்து குடிமகனாகிவிட்டால் இந்தக் கத்தி உங்கள் மேல் விழாது. அதற்கு முதல் நாள் வரை விழும். 2022இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த ஆளுக்கு இந்த விளைவு தெரிந்திருந்ததா, ஏன் போனார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொன்னது. அது வழக்காட உதவும். வழக்கே வராமல் இருப்பது அதைவிட நல்லது. இதைப் படித்த பிறகு ‘தெரியாது’ என்றும் சொல்ல முடியாது, மன்னிக்கவும்.

அம்மாவின் வைத்தியக் கடிதத்தோடு அவசரப் பரிசீலனை கேளுங்கோ, குடும்பத்தில் கடும் நோய் அதற்கு ஏற்ற காரணம்தான். அகதிகளுக்கான பயண ஆவணம் எடுத்து, அம்மாவைச் சென்னைக்கோ திருச்சிக்கோ கூட்டிவந்து பார்த்த குடும்பங்களும் உண்டு. எதைச் செய்வதற்கும் முன்பு, ஒரு மணித்தியாலத்துக்குக் காசு கட்டியாவது சட்டத்தரணியோடு கதையுங்கோ.

பிரம்டன், சென்னையைச் சேர்ந்தவர்: மேடம், என் பிஆர் கார்டு அடுத்த மாதம் முடிகிறது. ஓத்துக்கு அது செல்லுபடியாக இருக்கணுமா? இந்தியப் பாஸ்போர்ட்டை இப்பவே சரண்டர் பண்ணணுமா?

மேடம் எல்லாம் வேண்டாம், அக்கா போதும். அட்டை முடிந்தால் பிஆர் நிலை முடியாது. காலாவதியான அட்டையோடும் ஓத் எடுக்கலாம். ஆனால் வெளிநாடு போனால் திரும்பி விமானம் ஏற அது வேண்டும், ஆகவே பயணம் இருந்தால் புதுப்பியுங்கோ. இந்தியப் பாஸ்போட்டை இப்போது கொடுக்காதேங்கோ, நீங்கள் இன்னும் இந்தியர்தான். ஓத் எடுத்த பிறகு அதில் பயணம் செய்யக்கூடாது. ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை) கேள்விகளுக்கு இந்தியத் துணைத்தூதரகம்.

மொன்றியல்: ஐந்து மாதமாக ஒன்றும் இல்லை. என்ன செய்யலாம்?

மார்க்கம் அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கோ.

பிக்கறிங், ஒரு தகப்பன்: மகன் ரெஸ்ற் பாஸ். போன மாதம் குடித்துவிட்டு வாகனம் ஓட்டினதாக வழக்கு. இன்னும் தீர்ப்பில்லை. ஓத்துக்குக் கடிதம் வந்துவிட்டது. போய் எடுத்துவிட்டால் பிறகு பிரச்சினை இல்லைத்தானே?

ஐயா, பிரச்சினை இருக்கிறது. குடியுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு தீர்ப்பை மட்டும் பார்ப்பதில்லை. குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தாலே சத்தியம் செய்ய முடியாது. குடிபோதையில் ஓட்டியது வேகமாக ஓடி வாங்கின ரிக்கற் மாதிரி இல்லை, குற்றவியல் சட்டத்தில் வருவது. ரிக்கற் என்றால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். மறைத்துப் பெற்ற குடியுரிமையைப் பத்து வருடம் கழித்தும் பறிக்கலாம். மகனே எழுதி அறிவிக்கட்டும், குற்றவியல் சட்டத்தரணியிடம் குடியுரிமை விண்ணப்பம் இருக்கிறதென்று முதல் சந்திப்பிலேயே சொல்லட்டும். வழக்கு எப்படி முடிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எற்றோபிக்கோ: ஓத் 12ஆம் திகதி, விமானம் 15ஆம் திகதி. பரவாயில்லையா?

இல்லை! ஓத்தோடு பிஆர் அட்டை போய்விடும், காணொளி ஓத் என்றால் கமராவுக்கு முன்னாலேயே கத்தரிக்கோலால் வெட்டச் சொல்லுவார்கள். அதன் பிறகு கனடாப் பாஸ்போட் கைக்கு வரும்வரை நீங்கள் எங்கும் போக முடியாத ஆள். போனால் திரும்பி வர விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பாஸ்போட் கையில் வரும்வரை விமான ரிக்கற் போடாதேங்கோ.

ஒட்டாவா, மாணவர்: எனக்கு அழைப்பு வந்துவிட்டது. நான்தான் தள்ளிப்போடுகிறேன். சார்ள்ஸ் மன்னருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று எப்படிச் சொல்வது? காலனியத்தால் சீரழிந்த ஒரு தீவிலிருந்து வந்தவன் நான்.

அப்பாடா, ஒரு புதுக் கேள்வி. இதை நீதிமன்றத்திலேயே கேட்டுப் பார்த்துவிட்டார்கள். மூன்று பேர் ஒன்ராறியோவில் வழக்குப் போட்டார்கள். 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், மன்னர் முடி என்பது இங்கே ஒரு தனிமனிதர் இல்லை, நாட்டின் அரசமைப்பு முறைக்கான அடையாளம் என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றமும் எடுக்கவில்லை. ஆனால் சத்தியம் செய்த பிறகு, அந்தப் பகுதியை ஏற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லத் தடையில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. வழக்காளிகளில் ஒருவரான ரொறன்ரோப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ட்ரோர் பார்-நட்டான் 2015இல் ஓத் எடுத்த கையோடு அப்படியே செய்தார், குடியுரிமை போகவில்லை. ‘சத்தியம் செய்கிறேன்’ என்பதற்குப் பதில் ‘உறுதி கூறுகிறேன்’ என்றும் சொல்லலாம். 2021இலிருந்து பழங்குடி மக்களின் உரிமைகளும் அந்த வாசகத்தில் உண்டு.

மிசிசாகா, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிள்ளை, இந்தத் தம்பிக்கு நான் சொல்கிறேன். 1972 வரைக்கும் இலங்கைக்கும் ராணிதான் ராணி. நான் பிறந்ததே முடியின் கீழ். 72இல் குடியரசானோம், பழைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த 29ஆம் பிரிவும் போனது. முடி போனதால் தமிழனுக்கு என்ன கிடைத்தது?

ஒட்டாவா மாணவர்: ஐயா, அதற்காக முடியைக் கும்பிடுவதா? 1983இல், தனிநாடு கேட்க மாட்டோம் என்கிற ஆறாவது திருத்தச் சத்தியத்தைச் செய்ய மறுத்துத்தானே தமிழர் விடுதலைக் கூட்டணி எம்பிமார் ஆசனத்தை இழந்தார்கள்? அது கொள்கை என்றால் இதுவும் கொள்கைதான். கியூபெக் சட்டமன்றத்தில்கூட மன்னர் சத்தியத்தை 2022இல் எடுத்துவிட்டார்கள்.

மிசிசாகா ஆசிரியர்: அது எங்கள் வாயை அடைக்கச் செய்த சத்தியம். இது வாயைத் திறந்து ‘நான் ஏற்கவில்லை’ என்று மறுநாள் சொல்ல விடுகிற சத்தியம். இரண்டும் ஒன்றா?

இந்தச் சண்டையில் அரை மணித்தியாலம் போய்விட்டது, எனக்கு விருப்பமாகத்தான் இருந்தது. ஆசிரியர் ஐயா பக்கம் என் வாக்கு. தம்பி, கியூபெக்கில் எடுத்தது சட்டமன்ற உறுப்பினர்களின் சத்தியத்தை, உங்களுடையதை இல்லை. மறுப்பதென்றால் மறுக்க உரிமை உண்டு, பிஆராகவே இருக்கலாம், வாக்குரிமை இராது. ஆனால் அழைப்பு வந்த பிறகு பேசாமல் இருக்காதேங்கோ. பதிலே போடாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்து மூடிவிடலாம்.

நோர்த் யோர்க்: நாங்கள் ஹற்றன் பக்கம், மலையகத் தமிழர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தபோது என் அப்பா எந்தக் கணக்கிலும் அகப்படவில்லை. 2003இல் சட்டம் வந்து எங்களுக்கெல்லாம் குடியுரிமை தருவதற்கு முன்பே நாடற்றவராகச் செத்துப்போனார். நான் இங்கே எட்டு மாதத்துக்குப் பொறுமை இழப்பது சரியா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்படாதேங்கோ அண்ணை. அப்பா காத்திருந்ததற்காக நீங்களும் காத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? உங்கள் வீட்டில் ஒருவருக்காவது முன்பே கோபம் வந்திருக்க வேண்டும். குறிப்புகளை எடுங்கோ, தொகுதி எம்பி அலுவலகத்துக்குப் போங்கோ. கோப்பை அவர்கள் வேகப்படுத்துவதில்லை, எங்கே நிற்கிறது என்று கேட்டுச் சொல்லுவார்கள். அப்பாவின் பிறப்புப் பத்திரத்தை யாராவது கேட்டிருந்து, உங்களிடம் இல்லையென்றால், ஏன் இல்லை என்பதை இங்கே எழுதின மாதிரியே சத்தியக் கடதாசியில் எழுதிக் கொடுங்கோ.

வோன்: எனக்கு இன்னும் எத்தனை மாதம் ஆகும்?

நான் சாத்திரம் பார்ப்பதில்லை.

கிச்சினர்: இரண்டு வருடம். குறிப்புகளில் பாதுகாப்புச் சோதனை திறந்தபடி. எம்பி, இணையப் படிவம் எல்லாம் பார்த்தாயிற்று. மண்டேமஸ் போடலாமா?

உங்களுக்கு அதுதான் நேரம். ‘செய்ய வேண்டிய கடமையைச் செய்’ என்று சமஷ்டி நீதிமன்றம் திணைக்களத்துக்குக் கட்டளையிடுவதுதான் மண்டேமஸ். கொனில் என்பவரின் பழைய வழக்கும் ஒரு குடியுரிமைத் தாமதம்தான். அதில் சொன்ன மூன்றைத்தான் இன்றும் பார்ப்பார்கள்: வேலைக்குத் தேவையானதைவிட அதிகம் தாமதமா, தாமதத்துக்கு விண்ணப்பதாரர் காரணமில்லையா, அவர்களிடம் நியாயமான விளக்கம் இல்லையா. நீதிமன்றக் கட்டணம் ஐம்பது டொலர், சட்டத்தரணிக்குத்தான் ஆயிரக்கணக்கில். முதலில் திகதி குறித்து ஒரு கோரிக்கைக் கடிதம். நான் பார்த்த கோப்புகளில் பல, நீதிபதி முன் போகாமலே அசைந்தன. ஏழு மாதக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஓடவேண்டாம், உங்களை அனுப்பிவிடுவார்கள்.

ஸ்காபுரோ: மாமிக்கு விசிற்றர் விசா…

முதல் பந்தியைப் படியுங்கோ.

மார்க்கம், இரண்டு பிள்ளைகளின் அம்மா (மறுபடி): அக்கா, நீங்கள் சொன்னதால் ஸ்பாம் பெட்டியைத் திறந்தேன். அழைப்பு அங்கே கிடக்கிறது! ட்ராக்கர் இன்னும் பழையபடியே. ஆனால் ஓத் போன செவ்வாய்க்கிழமை. முடிந்துவிட்டது. கை நடுங்குகிறது.

நடுங்கட்டும், எழுதுகிற கை வேலை செய்தால் போதும். கடிதம் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதற்கே இன்றிரவு பதில் போடுங்கோ. கோப்பு இலக்கம், ஓத் திகதி, ஸ்பாமில் கிடந்தது, இன்று கண்டது, அடுத்த திகதிக்குத் தயார். நாலு வரி, கதை வேண்டாம். அதையே இணையப் படிவத்திலும் போட்டு, இரண்டையும் படம் எடுத்து வையுங்கோ. பிள்ளைகளில் பதினாலு வயது முடிந்தவர் யாராவது இருந்தால் அவரும் ஓத் எடுக்க வேண்டும், அவருடைய பெயரையும் சேர்த்து எழுதுங்கோ. கணவரின் ஸ்பாமையும் பாருங்கோ, அவருக்கும் தனியாக வந்திருக்கும்.