வெல்டர் படிக்கப் போறேன்னு நிக்கான் மகன்

கேள்வி: எனக்க மகன் பிளஸ் டூ முடிச்சிட்டான். என்ஜினியரிங் வேண்டாம், நாகர்கோவில் பக்கம் கோணத்துல இருக்க அரசு ஐடிஐல வெல்டர் படிக்கப் போறேன்னு ஒரே பிடிவாதம். இவரு ரப்பர் பால்வெட்டுக்குப் போறவரு, வீட்டை அடமானம் வச்சாவது அவன என்ஜினியராக்கணும்னு சொல்லுதாரு. வெல்டிங்ல அப்படி என்ன சம்பாதிச்சிர முடியும்? நாளைக்கு பொண்ணு குடுப்பாங்களா?
- ஒரு அம்மா, குலசேகரம்

பதில்: அக்கா, மொதல்ல அந்த வீட்டு பத்திரத்த எடுத்து உள்ள வைங்க. விருப்பமில்லாத பையன கடன் வாங்கி நாலு வருஷம் உக்கார வச்சா அரியரும் வட்டியும்தான் மிஞ்சும், நம்ம ஊர்ல அப்படி எத்தன வீடு இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

நல்லா சம்பாதிக்கலாம் அக்கா, ஆனா சர்டிபிகேட் வாங்குன மறுமாசமே இல்ல. வெல்டர் டிரேடு ஒரு வருஷந்தான், அப்புறம் அப்ரண்டிஸ், அப்புறம் ரெண்டு மூணு வருஷம் கம்மி சம்பளத்துல கைய பழக்கணும், இந்த இடத்துலதான் நெறய பசங்க விட்டுட்டு ஓடுறாங்க. பெரிய வேலைக்கு எடுக்கிறவங்க பேப்பர மட்டும் பாக்க மாட்டாங்க, டெஸ்ட் பீஸ கையில குடுத்து ஒட்டுன்னு சொல்லுவாங்க. அதுல பெரிய பரீட்சை சிக்ஸ் ஜி. பைப்ப 45 டிகிரி சரிவா அசையாம மாட்டி வச்சிருப்பாங்க, பைப்ப திருப்பக்கூடாது, இவன்தான் குனிஞ்சு, நிமிந்து, சுத்தி வந்து ஒட்டணும், பெரும்பாலும் அடியில வர்ற மொத வரிய (ரூட்) ஆர்கான் கேஸ் வெல்டிங்ல போட்டு, மேல சாதா குச்சி வச்சு ஒட்டுற ஆர்க் வெல்டிங்ல நிரப்பி முடிக்கச் சொல்லுவாங்க, பொறவு எக்ஸ்ரே எடுத்து உள்ள ஒரு சின்ன ஓட்டை தெரிஞ்சாலும் பெயில் ஆகலாம். அத பாஸ் பண்ணுற கைக்கு ரிபைனரி, கப்பல் கட்டுற இடம், பவர் பிளான்ட்னு எங்கயும் வேலை உண்டு, பராமரிப்புக்காக பிளான்ட நிறுத்துற ஷட்டவுன் நேரத்துல ஓவர்டைமும் சேரும்.

செலவுக்கு பயப்படாதீங்க, அரசு ஐடிஐல பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை வரும், ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பையன்னா அரசோட தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாய்க்கும் எழுதிப் போடுங்க. வெல்டர் தான் வேணும்னு இல்ல, எலக்ட்ரீஷியன், பிட்டர் ரெண்டு வருஷம், அது முடிச்சா ரயில்வேல இன்ஜின் ஓட்டுறவருக்கு உதவியா போற அசிஸ்டன்ட் லோகோ பைலட் பரீட்சை எழுதலாம், தொடக்க அடிப்படைச் சம்பளமே 19,900. முப்பந்தல்ல கரண்ட் எடுக்கிற காத்தாடியில ஏறி வேலை பாக்கவும் எலக்ட்ரிக்கல் தெரிஞ்ச ஆளுதான் வேணும்.

கண்ண மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க. கருப்புக் கண்ணாடி இல்லாம வெல்டிங் வெளிச்சத்த ரெண்டு நிமிஷம் பாத்தாலும் ராத்திரி கண்ணுல மண்ண வாரிப் போட்ட மாதிரி எரியும், அடைச்ச ரூம்ல புகையும் ஆகாது.

வெளிநாடு போற பேச்சு வரும், அங்கதான் எனக்கு பயமே. எனக்க சித்தப்பா மவன் நல்ல கைக்காரன், ஒரு ஏஜென்ட நம்பி மூணு லட்சம் குடுத்து விசிட் விசால போயி, வேலையும் இல்லாம ரூம்லயே கெடந்துட்டு திரும்பி வந்தான், அந்தக் கடன இன்னைக்கும் சித்தி தான் அடைக்கிறா. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுந்தான். மத்திய அரசோட இமைகிரேட் (eMigrate) வெப்சைட்ல அவங்க பேரு இருக்கான்னு பாக்காம ஒரு ரூபா குடுக்காதீங்க, தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலயும் கேட்டுப் பாருங்க.

பொண்ணு குடுப்பாங்களான்னு கேட்டீங்க. விடியக்காலம் எந்திச்சு பால் வெட்டுறவருக்கு நீங்க வாழ்க்கைப்படலியா அக்கா? அவரு சொல்றதுலயும் தப்பில்ல, தான் பட்ட பாடு மகனும் படக்கூடாதுன்னு நெனைக்காரு. அதனால சண்ட போடாம, பையன ஒரு மாசம் பக்கத்து கிரில் ஒர்க்ஷாப்புக்கு அனுப்புங்க, வெயில்ல, சூட்டுல நின்னு பாக்கட்டும். அதுக்குப் பொறவும் வெல்டிங்தான்னு நின்னான்னா, அப்பாவையே கூட்டிட்டு கோணத்துக்குப் போயி பார்ம் வாங்கச் சொல்லுங்க.