வேலை முடிந்தபின் டீமோடு வெளியே போக விருப்பமில்லை. ஒருவரும் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது?

கிளிநொச்சியில் லீசிங் கொம்பனி வேலை, மாதத்தில் இரண்டு மூன்று தரம் வேலை முடிய "எல்லாரும் போவம்" என்கிறார்கள், மறுத்தால் திமிர் என்பார்களோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் கேட்டது இது. ஆணா பெண்ணா, வீடு எங்கே என்று எழுதவில்லை. பரந்தனில் திரும்பி ஏ-35 வீதியில் தருமபுரம், விசுவமடுப் பக்கம் போகிற ஆள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ரவுணுக்குள் வீடு என்றால் பஸ் பற்றி எழுதுவது உங்களுக்குப் பொருந்தாது, மிச்சம் பொருந்தும்.

வராமல் விடுகிறவரில் யாருக்கும் பெரிய கோபம் வருவதில்லை. பிந்திச் சொல்கிறவரில்தான் வரும். ஏன் என்றால் ஒழுங்குபடுத்துகிறவர் கடைக்கு ஆள்கணக்குக் கொடுத்து, ப்ரைட் ரைஸ், டெவில் சிக்கன் எல்லாம் ஓடர் பண்ணிய பிறகு நீங்கள் கழன்றால் உங்கள் பங்கு மற்றவர்கள் தலையில் விழுகிறது. ஆகவே அவர் கடைக்குக் கோல் எடுக்க முந்தி உங்கள் பதில் அவரிடம் போக வேண்டும். வெள்ளி பின்னேரம் பார்ட்டி என்றால் வியாழன் தேத்தண்ணி நேரம் சரி. வாட்ஸப் குறூப்பில் போடவேண்டாம். நீங்கள் "வரேல்லை" என்று போட்ட கையோடு இன்னும் இரண்டு பேர் அதையே போடுவார்கள், பார்ட்டியைக் குழப்பிய பெயர் உங்களுக்கு. நேரே அவரிடம் இப்படிச் சொன்னால் போதும்:

"அண்ணை, இந்த முறை நான் வரேல்லை. இருட்ட முந்தி வீட்ட போகோணும். என்னை விட்டிட்டு ஓடர் குடுங்கோ."

மூன்றாவது வசனம்தான் முக்கியம். அதை விட்டால் "சும்மா சொல்லுறார், வருவார்" என்று உங்களையும் சேர்த்தே எண்ணுவார். "பாப்பம்", "ஏலுமெண்டா வாறன்" இரண்டையும் வாயிலே எடுக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் அவற்றை ஓம் என்றுதான் எடுப்பார்கள்.

பொய்க் காரணம் வன்னியில் எடுபடாது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிற கிளையில் யாரோ ஒருவரின் மச்சான் உங்கள் ஒழுங்கையில் இருப்பார். "அம்மாவுக்குச் சுகமில்லை" என்றால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் நெஸ்டமோல்ட்டும் அப்பிளும் வாங்கிக்கொண்டு வீட்டுப் படலையில் நிற்பார்கள். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நிற்பா. விரதமும் அப்படித்தான். கந்தசஷ்டி ஐப்பசியில் ஆறு நாள், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில் என்று கந்தோரில் எல்லாருக்கும் தெரியும். இல்லாத விரதத்தைச் சொல்லிவிட்டு அடுத்த நாள் மட்டன் ரோல்ஸ் கடித்தால் அந்தக் கதை வருசக்கணக்கில் ஓடும். உண்மையாகப் பிடிக்கிற விரதம் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், மறுபேச்சு வராது. காரணம் ஒன்று மட்டும். இரண்டு சொன்னால் இரண்டையும் தீர்த்து வைக்கிறோம் என்று வெளிக்கிடுவார்கள்.

பஸ் இல்லை என்பதும் அப்படியொரு இடக்குமுடக்கான காரணம். "நாங்கள் மோட்டார் சைக்கிளில் இறக்கி விடுறம்" என்பார்கள். குடித்த ஆளின் பின்னால் ஏறுவதா என்ற கேள்வி அங்கேதான் வரும், அதை முகத்துக்கு நேரே கேட்கவும் ஏலாது. அதனால் "பஸ் இல்லை" என்று சொல்லாமல் "வீட்டில நிக்கோணும்" என்றே சொல்லுங்கள். பொழுதுபட்டால் எங்கள் வீதிகளில் பஸ் அருகிப் போவதை ஏன் இன்னும் ஒருவரும் கவனிப்பதில்லை என்பது வேறு கதை. காப்பெற் வீதி போட்டாயிற்று, ஆறரைக்குப் பிறகு அதில் வேலைக்குப் போன பெண்பிள்ளை எப்படி வீடு திரும்புவாள் என்று கேட்க ஆளில்லை.

காசு விசயத்தைப் பிரித்துப் பாருங்கள். ஆளுக்காகச் சேர்க்கிற காசைக் கட்டாயம் கொடுங்கள்: மாற்றலாகிப் போகிறவருக்குப் பரிசு, கலியாணம், செத்தவீடு. அதை ஒருவரும் கேட்க முந்தியே கொடுத்தால் வராததை அவ்வளவாகப் பேசமாட்டார்கள். மேசைக்காகச் சேர்க்கிற காசு வேறு. போகாவிட்டால் கொடுக்கத் தேவையில்லை. எப்போதாவது போய், குடிக்காமல் இருந்தால், சாப்பாட்டுக்கும் குடிக்கும் வேறு வேறு பில் போடும்படி ஓடர் கொடுக்கும்போதே கேளுங்கள். உதாரணத்துக்குப் பன்னிரண்டு பேர், பில் 36,000 ரூபா, அதில் 15,000 குடிக்கு என்றால் சமமாகப் பிரித்தால் தலைக்கு 3,000. சாப்பாடு மட்டும் என்றால் 1,750. பயிற்சிக்கு வந்த பிள்ளையிடமும் மனேஜரிடமும் ஒரே தொகை வாங்குகிற வழக்கம் எனக்கு ஒருநாளும் விளங்கவில்லை. பில் வந்த பிறகு இதைக் கேட்டால் கஞ்சன் என்பார்கள், முந்திக் கேட்டால் கணக்கான ஆள்.

மனேஜரே கூப்பிட்டால் மெசேஜில் மறுக்கவேண்டாம், அவரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து வருகிற சிங்கள சேர் என்றால் "சமாவென்ன சேர், கெதர யன்ன ஓனே" (மன்னியுங்கோ சேர், வீட்ட போகோணும்) போதும். பெரும்பாலும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். "கட்டாயம் வரவேண்டும்" என்றால் மட்டும், "இது டியூட்டியா சேர்?" என்று மெல்லக் கேட்கலாம். தனியார் கந்தோர்களுக்கான 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டப்படி வேலை நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி. அதற்கு மேலே என்றால் ஒன்றரை மடங்கு சம்பளம். இதைத் தெரிந்து வைத்திருங்கள், வாயால் ஒப்புவிக்க வேண்டாம். சட்டம் கதைத்த நாளிலிருந்து உங்களுக்கு லீவு எடுப்பதே கஷ்டமாகிவிடும்.

"ஊரோடு ஒத்துப்போகத் தெரியாததுகளுக்கு வக்காலத்தா" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: ஒன்றுக்கும் போகாதே என்று நான் சொல்லவில்லை. வருசத்தில் ஒன்றிரண்டைத் தேர்ந்து போங்கள். வருசக் கடைசி ஒன்றுகூடல், யாராவது விலகிப் போகிறபோது வைக்கிற விருந்து. ஒரு மணித்தியாலம் இருந்து, சாப்பாடு வந்ததும் இரண்டு வாய் சாப்பிட்டு, எல்லாரோடும் ஒரு போட்டோ எடுத்து, எழும்பி வாருங்கள். பார்ட்டியை நீங்களே மாற்றிக் கேட்கவும் ஏலும். போயா தினத்தில் (பௌர்ணமி லீவு) கந்தோரும் பூட்டு, சாராயக்கடையும் பூட்டு. "போயாவுக்குப் பகலில இரணைமடுக் குளத்துப் பக்கம் சமைச்சுக் கட்டிக்கொண்டு போவம், வீட்டுக்காரரையும் கூட்டிவருவம்" என்று கேட்டுப் பாருங்கள். உங்களைப் போல விருப்பமில்லாமல் இழுபடுகிற அக்காமார் முதல் ஆளாக ஓம் சொல்லுவினம். புளிச்சாதமும் முட்டையும் என்றால் செலவும் மூன்றிலொன்றுதான் வரும்.